நேட்டிவ் வில்லேஜ் விசிட்

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியை அழைத்துவர ஒருவன் பஸ்ஸில் வருவான், பைக்கில் வருவான், வசதி இருந்தால் காரில் வருவான். என் கணவர் படகில் வந்தார். கூடவே இரண்டு வெள்ளைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஊருக்குப் படகில் வரவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து நல்ல தார் ரோடு இருக்கிறது. டவுன் பஸ் வருகிறது, ஷேர் ஆட்டோ வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அம்மாவும் வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஏரி. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு கொட்டிய மழையில் ஏரி நிரம்பி, அதற்குள் வளர்ந்திருந்த கருவேல மரங்கள் எல்லாம் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அந்த மரங்களுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ ஒன்று அசைந்து அசைந்து வந்தது.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இன்னாடி அது, தண்ணி டேங்க் மெதந்து வருதா?"

"டேங்க் இல்லம்மா. உன் மருமவன்."

அவர் பெயர் அறிவுச்செல்வன். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். திருவண்ணாமலையில் ஒரு டூவீலர் ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் யாரோ வெளிநாட்டுக்காரர் போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார். அமேசான் மழைக்காட்டில் ஒல்லியான படகில் ஆட்களை உட்காரவைத்து, வழிகாட்டி ஒருவர் துடுப்பு போட்டுக்கொண்டே ஆற்றோரத்துப் பழங்குடி ஊர்களுக்குக் கூட்டிப்போகிறார். அன்றைக்குப் பிடித்தது இவருக்குப் பைத்தியம். புதுச்சேரியில் எங்கேயோ அதே மாதிரி ஒரு பழைய கேனோ படகைப் பிடித்தார். 'அறிவு அட்வென்ச்சர்ஸ்' என்று ஒரு போர்டு எழுதினார். வேலையை விட்டார்.

இதில் எதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். மனிதனுக்கு ஆசை வரும். ஆனால் வேலையை விட்டதை என்னிடம் சொல்லவில்லை. நான் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடியற்காலையில் எழுந்து இவருக்கு டிபன் பாக்ஸ் கட்டி, ஷோரூம் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். மனிதர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏதோ ஓர் ஏரிக்குப் போய்த் துடுப்பு போடப் பழகிவிட்டு, என் புளிசாதத்தைத் தின்றுவிட்டு, சாயந்திரம் வந்து "இன்னிக்கி சேல்ஸ் கம்மி" என்று பெருமூச்சு வேறு விட்டிருக்கிறார். என் ஸ்கூட்டியை சர்வீஸுக்கு விடப் போன அன்றைக்கு ஷோரூம் பெண் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. "சார் வேலைய விட்டு நின்னு ஒரு மாசம் ஆவுதே மேடம், உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். இங்கிருந்தே பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அவர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. நேரில் வந்து, ஏன் மறைத்தார் என்று வாயைத் திறந்து சொல்லட்டும். அதற்கப்புறம் சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மூன்று வாரமாக ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

இப்போது வருகிறார், தலையில் ஒரு பெரிய தொப்பியோடு.

கரைக்கு வந்ததும் ஸ்டைலாகக் குதித்து இறங்கப் பார்த்தார். சேற்றில் முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டு எழுந்தார். வெள்ளைக்காரர்கள் பொறுமையாக, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, சுத்தமாக இறங்கினார்கள். அறுபதைத் தாண்டிய ஹாலந்து தம்பதி. அந்தம்மா பெயர் மார்த்தா, கணவர் யான். இருவரும் எங்களைப் பார்த்துக் குனிந்து, கைகூப்பி, கோயிலுக்குள் நுழைகிறவர்கள் போல மெதுவாக நடந்து வந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

"வாங்க" என்றாள் அம்மா. யாரைச் சொன்னாள் என்று யாருக்கும் தெரியாதபடி பொதுவாகச் சொன்னாள்.

சத்தம் கேட்டு அப்பா கொல்லைப்பக்கமிருந்து லுங்கியும் தலையில் துண்டுமாக வந்தார். வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்ததும் பதறிப்போய், "சட்டை போட்டுக்கினு வந்துட்றேன்னு சொல்லும்மா" என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மார்த்தாவும் பதறினார். "வேண்டாம், வேண்டாம், எங்களுக்காக அவர் எதையும் மாற்ற வேண்டாம். எப்போதும் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும்" என்றார். அதற்குள் அப்பா உள்ளே போய், என் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, வாட்சும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். யானின் முகம் தொங்கிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்து, அம்மா வாசலோரம் கல் கூட்டி விறகு அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள். மார்த்தா அதன் அருகே போய் மண்டியிட்டார். "இந்த நெருப்பு எவ்வளவு காலமாக அணையாமல் எரிகிறது?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

"எத்தினி நாளா எரியுதுன்னு கேக்கறாங்கம்மா."

"ஐயோ, மானம் போவுது. கேஸ் புக் பண்ணியாச்சி, நாளைக்கி வந்துடும்னு சொல்லுடி" என்றாள் அம்மா. நான் இதை மொழிபெயர்க்கவில்லை.

யான் அப்பாவிடம், நீங்கள் எதை வேட்டையாடுவீர்கள் என்று கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. "நாங்க எங்க வேட்டையாடறது? பன்னி வந்து கொல்லைய தோண்டிப் போட்டுட்டுப் போவுது. பன்னிதான் எங்கள வேட்டையாடுது" என்றார். இதைச் சொன்னேன். யான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு ஞானத்தைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றார். பிறகு என்னிடம் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்: "உங்கள் பழங்குடியின் பெயர் என்ன?"

எனக்கு விளங்கிவிட்டது. தொப்பிக்காரரைத் தனியாக முருங்கை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இன்னா சொல்லி கூட்டினு வந்தீங்க?"

"பொய் சொல்லல மதி, சத்தியமா. நேட்டிவ் வில்லேஜ் எதுனா காட்டுவீங்களான்னு கேட்டாங்க. ஒன்னு இருக்கு, எனக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்கன்னேன். உனக்கு நேட்டிவ் இதானே?"

நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூட "உங்க நேட்டிவ் எது?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவரே என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்தச் சொல்லை வைத்து இப்படி ஒரு கூத்து நடக்குமென்று யார் கண்டது?

"போர்டுல ரெயின் ஃபாரஸ்ட்னு வேற எழுதியிருக்கீங்களே?"

"மழை பெஞ்சிது, காடு முழுவிச்சி. அதுக்கு இங்கிலீஷ்ல வேற இன்னா பேரு?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் மூன்று வார வைராக்கியம் காற்றில் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பிப் போய் விருந்தாளிகளிடம் உள்ளதைச் சொன்னேன். நாங்கள் பழங்குடி இல்லை, மல்லாட்டையும் நெல்லும் போடுகிற குடும்பம். இங்கே நேட்டிவ் என்றால் சொந்த ஊர், அவ்வளவுதான். பின்னால் தெரிகிற ரோட்டில் இன்னும் சற்று நேரத்தில் பஸ் வரும் என்றேன்.

யானுக்குக் கோபம். "அப்படியென்றால் உண்மையான பழங்குடிகள் எங்கே?" என்று கேட்டார்.

எனக்கும் சுருக்கென்று வந்தது. "ஜவ்வாது மலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் துணி துவைக்கிற வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற வேலை எல்லாம் இருக்கிறது. அவர்கள் கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாமல் வாசலில் வந்து நின்று, உங்கள் நெருப்பு எவ்வளவு நாளாக எரிகிறது என்று கேட்டால் அவர்களுக்கும் மானம் போகும்" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரல் வந்துவிட்டது.

மார்த்தா எழுந்து அம்மாவிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அம்மா அதற்கு ஒரு முறம் மல்லாட்டையைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். வெள்ளைக்கார அம்மாள் உரிக்க ஆரம்பித்துவிட்டார். யான் கோபம் தணியாமலே பக்கத்தில் உட்கார்ந்து, உரித்ததில் பாதியை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். "வெதைய துன்றாரு பாரு" என்று அம்மா முணுமுணுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மார்த்தா தலையை நிமிர்த்தினார். "எனக்கு ஒன்று புரியவில்லை. அவர் எங்களை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கூட்டிப்போயிருக்கலாம். வரும் வழியெல்லாம் துடுப்பை நிறுத்தி நிறுத்தி இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார்? அவருடைய ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் புரிகிறது, நீங்கள் கேட்டுச் சொல்லுங்களேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "இன்னாம்மா கேக்கறாங்க?"

சொன்னேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஞாயந்தானே மாப்ள, சொல்லுங்க" என்றார். மூன்று வாரத்தில் அவர் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

இவர் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை, சேற்றுக்காலைப் பார்த்துப் பேசினார்.

"தனியா வர்றதுக்கு பயமா இருந்திச்சி மாமா. ரெண்டு தரம் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பஸ்ல வந்து, எறங்கி டீ குடிச்சிட்டு திரும்பிப் போயிட்டேன். விருந்தாளிங்களோட வந்தா நீங்க வெளிய போடான்னு சொல்ல மாட்டீங்கன்னுதான் கூட்டினு வந்தேன்."

நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதை அப்படியே, நான், நான் என்றுதான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, நான் திரும்பிப் போனேன், நான் இவர்களைக் கூட்டிவந்தேன்.

"வேலைய விட்டத என் பொண்டாட்டிகிட்ட சொல்லல" என்று மேலே போனார். "அவ வேணாம்னு சொல்லிடுவான்னு நெனச்சி இல்ல. அப்டி சொன்னா சண்டை போட்டுக்கலாம். அவ சரின்னு சொல்லிடுவா. அதான் பயம். இவ்ளோ நம்பி சரின்னு சொன்ன அப்புறம் நான் தோத்துப் போயிட்டன்னா, அவ மூஞ்சிய எப்படி பாப்பேன்?"

மார்த்தாவும் யானும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மனைவியிடம் நான் சொல்லவில்லை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன்." அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். இத்தனை நாள் அவர்மீது எனக்கிருந்த கோபமெல்லாம் நிஜம். இந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் நிஜம்.

மார்த்தா எதுவும் விளங்காமல், "அந்த மனைவி இப்போது எங்கே?" என்று மெல்லக் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

யான் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மார்த்தா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு எல்லோரும் கேட்க நினைத்ததை யான்தான் கேட்டார்: அந்த மனைவி என்ன செய்யப்போகிறாள்?

"இன்னாவாம்?" என்றார் அப்பா.

"பொண்டாட்டி போவாளா மாட்டாளான்னு கேக்கறாரு."

"அத நீதாம்மா சொல்லணும். ரெண்டு பாஷையும் உனக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்பா ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவருக்கு எதிரே போய் நின்றேன்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். எனக்குப் பிடிச்ச மாதிரி பதில் சொல்லக்கூடாது. இந்தத் தொழில் ஓடுமாங்க?"

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு அவரிடம் "சூப்பரா ஓடும் பாரு" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அதற்காக வாயைத் திறந்தார், மூடினார். ஏரியைப் பார்த்தார், படகைப் பார்த்தார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"தண்ணி இருக்கற வரைக்கும் ஓடும். மாசி வந்தா வத்திடும்."

"அதுக்கு அப்புறம்?"

"தெரியல மதி."

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் தெரியவில்லை என்று சொன்னதே இல்லை.

மார்த்தா என் கையைத் தொட்டார். "என்ன சொல்கிறார்?"

"அவருக்கும் தெரியவில்லையாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பையை எடுத்துவர உள்ளே போனேன்.