வரிசையில் நின்ற மண்

மல்வேர்னில் கோணேஸ்வரனின் பின்வளவு மண் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு பஸ் ஏறி, வீடு கட்டப் பெர்மிட் கொடுக்கிற நகரசபைக் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றது. ஒரு தள்ளுவண்டி அளவு இருக்கும். சாரதி ஒன்றும் கேட்கவில்லை. மழை நாளில் அந்த பஸ்ஸில் இதைவிடச் சேற்றோடு ஏறுகிற ஆட்கள் உண்டு. கந்தோரிலும் ஒருவரும் பதறவில்லை. வாசலில் நின்ற பெண் அதற்கும் ஒரு இலக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பரிமளத்தின் முழங்கால்கள். கோணேஸ்வரனின் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. படுக்கையறையும் குளியலறையும் மேல்மாடியில். பாவம், இரண்டு வருடமாகச் சோபாவில் படுத்தாள். படியில் குந்தியபடி அரக்கி அரக்கித்தான் குளிக்கப் போனாள். கீழே, பின்வளவுப் பக்கமாக ஒரு அறையும் குளியலறையும் சேர்த்து இறக்கினால் போதும். மிசிசாகாவில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற கோணேஸ்வரன் விண்ணப்பம் போட்டார். வளவு ஓடைப் பக்கம் சரிகிறதால், வெட்டுகிற மண் மழையில் கரைந்து ஓடைக்குள் போகாமலிருக்க முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் துணிவேலி, வாசலில் சரளைக்கல், குவியலுக்கு மூடுதுணி எல்லாம் கேட்டார்கள். எல்லாம் வாங்கி அடித்தார். பெர்மிட் வரப் பத்துக் கிழமை என்றார்கள். கோயில் ஐயரோ இந்த ஆவணியை விட்டால் இனித் தையில்தான் அத்திவாரத்துக்கு நல்ல நாள் என்றார். தையில் பனியில் உறைந்து கிடக்கிற இந்த ஊர் நிலத்தில் குத்தினால் இரும்பு அலவாங்கே நெளியும்! “ஒரு குழிதானே, நாளுக்கு மட்டும் வெட்டுவம். ஆர் பாக்கப் போகினம்?” என்று கோணேஸ்வரன் குழி வெட்டி, நவதானியம் போட்டு, தேங்காய் உடைத்தார். உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. அனுமதியில்லாமல் வெட்டுப்பட்டுவிட்டோமே என்று மண்ணுக்குத்தான் மனம் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு தூறலுக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கிட்டது. துணிவேலியை அது தொடவே இல்லை. பக்கத்துப் படலையைத் திறந்து மரியாதையாகப் போனது. கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் வளவு மண் வளவுக்கு வெளியே, எங்கள் வரவேற்பறையில் காணப்பட்டது, வேலையை நிறுத்தவும். மறுபடி தொடங்க மண்ணைப் பரிசோதிக்க வேண்டுமாம். பரிசோதிக்க மண் வளவில் இருக்க வேண்டுமாம். மண்ணை லொறியில் திருப்பிக் கொண்டுவர இன்னொரு பெர்மிட் வேண்டுமாம். இதே காலத்தில் ஓடைக்கு அக்கரையில் ஒரு கட்டடக் கம்பனி மாடி வீடுகளுக்காக முழு மேட்டையும் வழித்துக் கொட்டியது. ஓடை மூன்று வருடம் பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. துணிவேலியை அளக்க வந்த பரிசோதகர் றொய்சன், இங்கேயே பிறந்த மன்னார்ப் பிள்ளை, “அவையின்ர பேப்பர் எல்லாம் பேர்ஃபெக்ட், அன்ரி. உங்கடதிலதான் இஷ்யூ,” என்றான்.

“ஓம் தம்பி, ஓடைதான் பிழையா ஓடுது,” என்றாள் பரிமளம். றொய்சன் அதையும் குறித்துக்கொண்டான்.

நாலாம் வருடம் பரிமளம் ஊன்றுவண்டியைத் தள்ளிக்கொண்டு, கோணேஸ்வரனையும் கூட்டிக்கொண்டு, நல்லாகப் பேசிக் கிழிப்பதென்று கந்தோருக்கே போனாள். மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் கிடந்தது அவளுடைய வளவு. இன்னும் அதன் இலக்கம் கூப்பிடப்படவில்லை. நவதானியத்தில் பயறு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் மண் தானாகவே பரவி மட்டமாகியது. அவள் காலை வைத்துப் பார்த்தாள். “இஞ்ச பாருங்கோ, ஒரு படியும் இல்லை,” என்று சொல்லி, வந்த கோபமெல்லாம் மறந்து விம்மி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாள் வைச்ச மண் எங்க கிடக்கோ, அங்கதான் அறை,” என்றாள். கோணேஸ்வரன் அங்கேயே அறையின் நீள அகலத்தை அடியால் அளந்தார். நாலு சனி ஞாயிறில் சுவர் எழும்பி, கூரை ஏறி, குளியலறைக்குத் தண்ணீரும் வந்தது. கந்தோருக்குள்ளே கட்டுகிற வேலையை நிறுத்தக் கந்தோரில் படிவம் இருக்கவில்லை. சுற்றிவர அடித்த துணிவேலியை றொய்சன் வந்து அளந்தான். உயரம் சரி என்று ஒப்பமிட்டான்.

பெர்மிட் அடுத்த தையில் மல்வேர்ன் வீட்டுக்குத் தபாலில் வந்தது. அங்கே வெட்டுவதற்கு மண் இல்லை. இப்போது கந்தோரில் வரிசை பரிமளத்தின் அறையைச் சுற்றி வளைந்து போகிறது. மூன்றாம் கவுண்டருக்குப் போக அவளுடைய வாசலைக் கடக்க வேண்டும். “செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ,” என்று அவள் உள்ளேயிருந்து சொல்கிறாள். கட்டடக் கம்பனிக்காரர் உட்பட எல்லோரும் கழற்றுகிறார்கள்.