தடை கரண்டிக்குத்தான்

அக்காவும் தம்பியும் நடத்திய பிளாஸ்டிக் வார்ப்புக் கூடத்தில் இரண்டே இயந்திரங்கள். இரண்டும் பதினோரு வருடமாக ஐஸ்கிரீம் கரண்டிகளை மட்டுமே துப்பிக்கொண்டிருந்தன. நாணய மதிப்பு சரிந்து பிளாஸ்டிக் குருணையின் விலை எகிறியபோது எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்கள். மூச்சு விடுவதற்குள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு அரசு தடை போட்டது. நாற்பது மூட்டைக் கரண்டிகள் விற்காமல் தேங்கின.

"மெஷினை வித்துடலாம்க்கா. பழைய இரும்புக்காரர் வரேன்னு சொல்லிட்டாரு" என்றான் தம்பி.

"தடை கரண்டிக்குத்தான்டா, மெஷினுக்கு இல்ல. அச்சை மாத்தினா வேற எதையாவது செய்யும்."

"எதைக்கா?"

அதைத்தான் தேடி அக்கா கிளம்பினாள். நான்கு நாள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். இரும்பு நாற்காலி செய்பவரிடம்தான் வழி பிறந்தது. நாற்காலிக் கால்களில் மாட்டும் கறுப்பு பிளாஸ்டிக் புஷ் வெளிநாட்டுச் சரக்கு. விலை இப்போது மும்மடங்கு. அதை வாங்க முடியாமல் எண்ணூறு நாற்காலிகள் வெறுங்காலோடு நின்றன.

கையிருப்பைப் போட்டுப் புது அச்சு செய்வித்தாள். தேங்கிய கரண்டிகளை அரைத்து, கறுப்புச் சாயம் சேர்த்து, முதல் புஷ்களை வார்த்தாள். பட்டறைக்காரர் ஒன்றை மாட்டி நாற்காலியைத் தரையில் ஓங்கிக் குத்தினார். புஷ் இரண்டாகப் பிளந்தது.

"என்னம்மா இது, முட்டை ஓடா?"

"ஒரு வாரம் டைம் குடுங்கண்ணே."

தம்பியின் முகம் தொங்கிவிட்டது. அவளோ நஷ்டக் கணக்குப் பார்க்க உட்காரவில்லை. கரண்டித் தூளோடு, பை செய்யும் இளகிய குருணையைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தில் ஒரு பங்கு போதவில்லை. பாதி போட்டால் கொழகொழத்தது. கால் பங்கில் சரியாக வந்தது.

இம்முறை புது புஷ் மாட்டிய நாற்காலியில் பட்டறைக்காரர் தானே உட்கார்ந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். பின்னங்கால்களில் சாய்ந்து ஆடினார். தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். புஷ் அசையவில்லை.

"மாசம் இருபதாயிரம் புஷ் தர முடியுமா?"

"முப்பதே தரோம்ண்ணே!" என்றான் தம்பி, அக்கா வாயைத் திறப்பதற்குள்.

வெளியே வந்ததும் அவன் காதைத் திருகினாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஐந்தாம் மாதம் கையில் நின்ற லாபம், கரண்டி ஓடிய எந்த மாதத்தையும்விட அதிகம். ஏணிக் கால்களுக்கும் புஷ் வேண்டுமே என்று தம்பி இப்போது ஏணி செய்பவர்களைத் தேடி அலைகிறான். அக்கா அடுத்த அச்சுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள்.