இறங்கிய பாறை

பெர்கன் நகரில் ஒரு ஸ்டுடியோவில் குன்வோருக்கு வேலை. வெவ்வேறு கேமராக்களில் எடுத்த காட்சிகளை ஒன்றாக இணைத்துக் கொடுப்பாள். அந்த ஏப்ரலில் அவள் கைக்கு வந்தது, மலைகளுக்கிடையே புகுந்த குறுகிய கடலின் கரையில் இருக்கும் அவள் பிறந்த ஊர் ஹெல்லவிக் பற்றிய ஆவணப்படம். தொண்ணூறுகளில் அவளுடைய அப்பா படகுத்துறையிலிருந்து டேப்பில் எடுத்த மலை, படக்குழு போன வாரம் அதே இடத்தில் நின்று எடுத்த மலையாக மெல்ல மாற வேண்டும்.

இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். மலையுச்சியும் தண்ணீர் மட்டமும் பொருந்தின. தங்கை தூருனின் பண்ணைக்கு நேர் மேலே பாறையில் ஒரு விரிசல் உண்டு. ஊரில் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பழைய படத்தைவிட இப்போது அது அகலமாகத் தெரிந்தது.

உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"தூருன், எங்க இருக்க?"

"தொழுவத்துல. என்னக்கா, குரலே சரியில்ல?"

"மேல விரிசல் பெரிசாயிருக்கு. கிளம்பி வெளிய வா."

"ஜன்னல்கூட இல்லாத ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்க மலையப் பாக்குறியா? குட்டி போடுற நேரத்துல நூறு ஆட்ட எங்க ஓட்டிட்டு வர, உன் மூணாவது மாடிக்கா?" சிரித்துவிட்டு வைத்துவிட்டாள் தூருன்.

பக்கத்து மேசை இங்வே காபியோடு வந்தான். குன்வோர் திரையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"சர்ச் கோபுரத்தையும் பாரு. அதுவும்தான் குண்டாயிருக்கு. வெண்ணெய் தின்னு கொழுத்துருச்சா?"

பார்த்தாள். கோபுரம், அருவி, படகுக் கொட்டகை எல்லாமே புதிய படத்தில் அகலமாக இருந்தன. அந்தக் காலத்து டேப்பில் பிக்சல், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும், சதுரமில்லை. உயரத்தைவிட அகலம் சற்று அதிகம். அதை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால், எல்லாப் பிக்சலையும் சதுரமாக எடுத்துக்கொண்டு பழைய படத்தை ஒல்லியாக்கிவிடும். தினமும் செய்கிற வேலை. சொந்த ஊரைப் பார்த்த வேகத்தில் மறந்திருக்கிறாள். அளவை மாற்றினாள். கோபுரம் கோபுரத்தின்மேல் சரியாக உட்கார்ந்தது. விரிசலின் அகலமும் ஒன்றாகிவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுரு. இல்லன்னா கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி வராது," என்றான் இங்வே.

போனை எடுத்தவள், ஒருமுறை பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஏதோ ஒன்று குதித்தது. பாறையின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு. அப்பாவின் படத்தில் அது விரிசலைத் தாண்டி நேராகப் போனது. இப்போது விரிசலுக்கு இடப்பக்கம் இருந்த துண்டு மட்டும் கீழே இறங்கியிருந்தது.

பிக்சல் கோளாறு படத்தைப் பக்கவாட்டில்தான் நெருக்கும். எதையும் கீழே இறக்காது.

"இங்வே, இதுக்கும் ஒரு காரணம் சொல்லேன்," என்றாள். கெஞ்சுவதுபோல இருந்தது குரல்.

"பழைய டேப்புல வரி விட்டு வரி பதிவாகும். அதுல கொஞ்சம் தள்ளியிருக்கலாம்." அதையும் சரிசெய்து பார்த்தான். லென்ஸின் வளைவைச் சரிசெய்தான். மலை முழுவதும் அசையாமல் கிடந்தது. அந்தத் துண்டு மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் அவன் கேலி பேசவில்லை.

குன்வோர் நிலச்சரிவு கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்ய, விக்டிஸ் என்ற புவியியலாளர் பேசினார். "திருத்தாத மூலப் படம் ரெண்டையும் அனுப்புங்க," என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "மலையப் பாக்க ஹெலிகாப்டர் கிளம்பிருச்சு. ஊரைக் காலி பண்ணச் சொல்லிட்டோம். உங்க தங்கச்சி நீங்க சொன்னா கேப்பாங்களா?"

"கேக்க மாட்டா. ஆனா சொல்றேன்."

"இப்ப எந்த மலை, அக்கா?" என்றாள் போனை எடுத்த தூருன்.

"அகலமானதா சொன்னது என் தப்பு. அது அகலமாகல. கீழ இறங்கியிருக்கு."

தூருன் மெதுவாக, "காலைலேருந்து மேல சின்னச் சின்னக் கல்லா விழுதுக்கா. பனி உருகுதுன்னு நெனச்சேன்," என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் கடகடவென்று ஏதோ உருளும் சத்தம் கேட்டது. "வெச்சுட்டு ஓடு!" என்று குன்வோர் கத்தினாள்.

ஊருக்கு எதிரே, கடலின் அக்கரைக்குக் குன்வோர் கார் ஓட்டிப் போன வழியெல்லாம் தூருன் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு சுரங்கப்பாதையிலும் சிக்னல் அறுந்தபோது மோசமானதையே நினைத்தாள். ஊரைக் காலி செய்தவர்களை ஏற்றிய படகு வந்து நின்றபோது, ஊர்க்காரர்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே தங்கை நின்றாள். போன் தொழுவத்திலேயே கிடந்துவிட்டதாம்.

மறுநாள் மதியம் பாறை விழுந்தது. அக்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் சத்தமே கேட்கவில்லை. புகைபோலத் தூசி எழுந்தது. பிறகு இடி. தண்ணீர் பின்வாங்கியதும் யாரோ "மேல ஏறுங்க!" என்று கூவ, எல்லோரும் மேட்டுச் சாலைக்கு ஓடினார்கள். அலை கீழ்ச் சாலையைத் தின்றுவிட்டு நின்றது. பண்ணை இருந்த இடத்தில் கல்தான் இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

சாலையோரக் கடையில் யாரோ சூடாக சூப் கொண்டுவந்து வைத்தார்கள். தூருன் நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"மிச்சப் பாறையும் விழுமாக்கா?"

"தெரியலடி," என்றாள் குன்வோர்.