கழுத்தளவு எடுக்கப் போன கதை

இருபது வருடமாக ஊரார் கழுத்துக்கெல்லாம் அளவெடுத்த தையல்காரி நான். நாற்பத்திரண்டு வயதில், என் வயிற்றுக்குள் இருக்கும் கழுத்துக்கு வேறொருத்தி அளவெடுக்க, வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.

இந்த வயதில் உண்டானால் பிள்ளைக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாகி, வளர்ச்சி மெதுவாகிப்போகும் வாய்ப்பு அதிகமாம். பன்னிரண்டாம் வாரம் பின்கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிப்பை ஸ்கேனில் அளந்தால் ஓரளவு தெரியுமாம். அந்த ‘ஓரளவு’தான் என் உயிரை எடுத்தது. குட்டிச் சட்டைக்கு மஞ்சள் துணி வாங்கி வைத்திருந்தேன். விஷயம் தெரியும்வரை அதில் கத்தரி வைப்பதில்லை என்று ஒரே பிடிவாதம்.

ஸ்கேன் டாக்டர் சின்னப் பெண். அரை மணி நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“தாடையை நெஞ்சுல அழுத்திக்கிட்டு சுருண்டு கிடக்குதுக்கா. கழுத்தைக் காட்டவே மாட்டேங்குது.”

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்றார் என் வீட்டுக்காரர். இவரை யார் கேட்டது?

“வெளிய போய் கொஞ்சம் நடங்க, இருமுங்க, லேசா துள்ளுங்க. அப்ப திரும்பும்” என்று அனுப்பினாள்.

நடைவழியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இருமினேன். துள்ளக் கால் எழவில்லை. திடீரென்று இவர் குதிக்க ஆரம்பித்தார்.

“நீங்க எதுக்குக் குதிக்கிறீங்க?”

“துணைக்குத்தான்!”

மூன்றாவது குதியில் ‘டர்ர்’ரென்று பேன்ட் பின்பக்கம் கிழிந்தது. நான் தைத்த பேன்ட். தையல் பிரிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், துணிதான் கிழிந்தது. இவர் தொப்பை போடுவார் என்று தெரிந்தும் பின்னால் பிரித்துவிட உள்மடிப்பில் கூடுதல் துணி விடாமல் தைத்தது மட்டும் என் தப்பு.

ஸ்கேன் ஃபைலைப் பின்னால் பிடித்துக்கொண்டு இவர் சுவரோடு ஒட்டி நின்ற நிலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

“கணக்கு ஏறுமாறா வந்துட்டா என்னங்க பண்றது?”

“நீ என்னைக்கு துணிக்கு ஏத்த மாதிரி ஆளை வெட்டியிருக்க? ஆளுக்கு ஏத்த மாதிரி துணியைத்தானே வெட்டுவ” என்றார், ஃபைலை எடுக்காமலே.

திரும்பிப் போய்ப் படுத்தும் சிரிப்பு அடங்கவில்லை. “படம் ஆடுதுக்கா” என்று கடிந்துகொண்ட டாக்டர் சட்டென்று, “அசையாதீங்க! திரும்பிடுச்சு!” என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒன்றரை மில்லிமீட்டர். நல்ல அளவுதான். ஆனா ரத்தப் பரிசோதனையும் வந்தாத்தான் வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்ல முடியும். ஒரு வாரம் ஆகும். அதுவும் வாய்ப்புதான்க்கா, முடிவு இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் இவர் கிழிந்த பேன்ட்டை நீட்டினார். “வரிசையில வாங்க” என்று தள்ளி வைத்துவிட்டு மஞ்சள் துணியை விரித்தேன். ஒரு வாரமெல்லாம் யார் காத்திருப்பது? வெட்டினேன். இந்தத் தடவை உள்ளே தாராளமாகத் துணி விட்டேன். வருகிறவர் எந்த அளவில் வந்தாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.