பச்சை காட்டிய தாள்

பச்சை. மறுபடியும் பச்சை.

வந்த ஆத்திரத்தில் அந்தத் துண்டுத் தாளைக் கசக்கி வீசினேன். விரல் அகலம்கூட இல்லை, இது தீர்ப்புச் சொல்கிறது என் வீட்டுக்காரருக்குப் பால் உண்டா இல்லையா என்று!

பஸ் ஓட்டிய மனிதர் அவர். நானே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை, விழுங்க முடியாது, இடது கை மட்டும் அசையும். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். பாலும் மருந்தும் அதில்தான். ஒவ்வொரு முறையும் ஊற்றுமுன் சிரிஞ்சால் குழாயிலிருந்து கொஞ்சம் நீரை உறிஞ்சி, புளிப்பை நிறத்தில் காட்டும் பி.எச். தாளில் விட்டுப் பார்க்க வேண்டும். "ஆரஞ்சு வந்தா வயித்துப் புளிப்பு, தைரியமா ஊத்துங்க. பச்சைன்னா குழாய் இடம் மாறியிருக்கலாம். ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்கக்கா. நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆள் பிழைக்க மாட்டாரு" என்று குழாய் போட்ட நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நேற்று இரவுக்குப் பின் அவர் வயிற்றில் எதுவும் இல்லை. வலிப்பு மருந்தும் போகவில்லை. நர்ஸுக்கு போன் செய்தால், டூட்டி முடிந்து மதியம்தான் வர முடியும் என்கிறாள்.

நாத்தனார் பால் கிண்ணத்தோடு நின்றாள். "காகிதத்துக்கு என்ன அண்ணி தெரியும்? அண்ணன் பசியில கிடக்கு. கொஞ்சமா ஊத்திப் பாப்போமே."

"ஊத்துறது சுலபம். ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து எழுப்புவியா?"

"டப்பாவ மூடாம வச்சிருப்பீங்க. ஈரம் பட்டுத் தாளு கெட்டிருக்கும்."

அப்படியும் இருக்குமோ! அடுப்படிக்கு ஓடி எலுமிச்சம்பழத்தை அறுத்து, புதுத் தாள் ஒன்றில் பிழிந்தேன். கடவுளே, இது கெட்டிருக்க வேண்டுமே, இவ்வளவு நேரம் இது பொய் சொல்லியிருக்க வேண்டுமே! பிழிந்த கையோடு சிவந்துவிட்டது. தாளில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் குழாய்தான் இடம் மாறியிருக்கிறது.

திரும்பி வந்து, அவர் மூக்கிலிருந்து கன்னம்வரை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தேன். மூக்குத் துவாரத்தை ஒட்டி இருக்க வேண்டிய, குழாயின் கறுப்பு மை அடையாளம் நான்கு விரல் தள்ளி வெளியே நின்றது.

"முகம் துடைக்கிறேன்னு இழுத்துட்டியாடி பாவி!"

"சத்தியமா இல்ல அண்ணி! காலைல நான் வர்றப்பவே பிளாஸ்திரி உரிஞ்சு தொங்குச்சு. அதான் அதுமேலயே புதுசா ஒண்ணு ஒட்டினேன்" என்று அழுதாள். நான் விடவில்லை, திட்டிக்கொண்டே இருந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

பசித்தால் டிரைவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஹாரன் அடிக்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். பால் கொஞ்சம் தாமதமானால் போதும், வீடே அதிரும். திட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. இன்று காலையிலிருந்து ஒரு ஹாரன்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கை மெல்ல நெஞ்சின் மேல் ஏறி, குழாயைத் தேடிப் பிடித்தது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

பாய்ந்து பிடித்தேன். "என்னங்க பண்றீங்க? என்னை விட்டுட்டு எங்க போகப் பாக்குறீங்க? நான் என்ன குறை வச்சேன் உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. நாத்தனார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளை வீணாகத்தான் திட்டியிருந்தேன்.

மதியம் நர்ஸ் வந்து குழாயை மாற்றினாள். உறிஞ்சிய நீரைத் தாளில் விட்டாள். ஆரஞ்சு.

"இனி பயமில்லக்கா, ஊத்துங்க."

இந்த நிறத்துக்காகத்தான் விடிந்ததிலிருந்து தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். நாத்தனார் சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துப் பாலை ஊற்றினாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பால் அதுபாட்டுக்கு இறங்கியது. வாய் திறக்க வேண்டியதில்லை, விழுங்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அந்த இடது கை ஒன்றுதான் இருந்தது. அதை நான் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தேன்.