இடம் மாறிய பெர்ஹாப்ஸ்

சாந்தோம் கடற்கரைச் சந்துப் பள்ளிக்கூடத்தில் லூயிசா டீச்சர் பதினாறு வருஷமாகச் சரித்திரம் நடத்தி வந்தாள். ஐரின் டீச்சர் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில்; இரண்டே வருஷந்தான் ஆகியிருந்தது. இருவர் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி.

"இந்த ராஜா ஏன் தோத்தான்? நிச்சயமா யாருக்கும் தெரியாது. அப்போ 'ஒருவேளை'ன்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா போட்டுச் சொல்லணும்?" என்று அப்பால் ஐரின் கேட்பாள்.

"பெர்ஹாப்ஸ்! ப்ராபப்ளி! மைட் ஹேவ் பீன்!" என்று பிள்ளைகள் கூவும்.

லூயிசாவின் பிள்ளைகள்கூடத் தட்டிப் பக்கமே காதை வைத்திருந்தன. அவளுக்கு வயிறு எரிந்தது.

மேல் வகுப்பான ஐந்தாம் பாரத்துச் சரித்திரம் ஐரினுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டதும், பள்ளி மேனேஜரான பங்குச் சாமியாரிடம் லூயிசா போய் நின்றாள்.

"சாமி, தோமையார் இந்தக் கரைக்கு வந்ததே பெர்ஹாப்ஸ்தானாம். ஐரின் சொல்லித் தர்றா."

"உன் காதால கேட்டியா?"

"கேட்டேன் சாமி."

'ஏசுவோட சீஷர் தோமையார் இந்தக் கரைக்கு வந்தார்; பெர்ஹாப்ஸ் நம்ம சந்து வழியாவே நடந்திருப்பார்' என்றுதான் ஐரின் சொன்னாள். லூயிசா அந்த ஒரு வார்த்தையைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டாள்.

சாமியார் முகம் சிவந்தது. "திங்கக்கிழமை அவளை வேலையை விட்டே நிறுத்திடறேன்."

லூயிசா வகுப்பைத்தான் கேட்க வந்தாள், ஐரின் வேலையைப் பறிக்க அல்ல. ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வீடு திரும்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம்; சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் மறுநாள் நன்மை அப்பம் வாங்க முடியாது. ஞாயிறு பூசையில் நன்மை வாங்காமல் உட்கார்ந்தால் ஊரே ஏனென்று கேட்கும். அந்தப் பங்குக் கோயிலிலோ ஒரே சாமியார். தான் புகார் சொன்ன சாமியாரிடமே முழங்கால் போட வேண்டும் என்பது அன்றைய ஆத்திரத்தில் லூயிசாவுக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க முன்னால போங்கக்கா, கால் வலிக்கும்" என்று வரிசையில் ஐரின் இடம் விட்டாள். அவளுடைய லேஸ் முக்காடு அத்தனை அழகு. அதற்கும் எரிந்தது.

"சாமி, ஒரு பொய் சொல்லியிருக்கலாம்..." என்று லூயிசா கூண்டருகே முழங்காலிட்டு முனகினாள்.

"சொன்னியா, சொல்லியிருக்கலாமா?"

"சொன்னேன் சாமி. ஐரின் விஷயந்தான்."

கூண்டின் வலைக்கு அப்பால் சாமியாரின் பெருமூச்சு கேட்டது. "இங்க கேட்டதை வெச்சு வெளியில நான் எதுவும் செய்யக் கூடாதும்மா. நீயே என் பங்களாவுக்கு வந்து சொன்னாத்தான் அவ வேலை பிழைக்கும்."

"அஞ்சாம் பாரம் அவளுக்குப் போயிடுமே!"

"போகும்."

வெளியே வந்தாள். "இன்னாக்கா, கண்ணு கலங்கிக் கீது?" என்றாள் ஐரின்.

"முடிச்சிட்டு என்கூட பங்களாவுக்கு வா. சாமியார்கிட்ட உன்னைப் பத்திப் பொய் சொல்லிட்டேன்."

"எதுக்குக்கா?"

"பொறாமைடி. இதுல பெர்ஹாப்ஸெல்லாம் கிடையாது." லூயிசா மூக்கை உறிஞ்சினாள். "அந்த லேஸ் எங்கே வாங்கினே, அதைச் சொல்லு முதல்ல."