அப்பளம் காயும் அறை

அடுப்பு பற்றிக்கொண்டதும் மரகதம் எழுந்து சன்னலை அடைத்தாள். தீவில், பத்துபஸ்திக் குடியிருப்பில் அவளுக்கும் புருஷனுக்கும் இருந்தது தகரக் கூரை போட்ட ஒரே அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி மூங்கில் தட்டுகளைத் தொங்கவிட்டிருந்தாள். தட்டு முழுக்க அப்பளம். அடியில் மரத்தூள் அடுப்பு. அது அறுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம்.

மரத்தூள் அடுப்பு எளிய சங்கதிதான். தகர டின்னின் அடியோரம் ஒரு துளை. டின்னுக்கு நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, துளை வழியே ஒரு கட்டையை அதன் அடிவரை நுழைத்து, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடிக்க வேண்டும். பிறகு பாட்டிலையும் கட்டையையும் உருவிவிட்டால் காற்று கீழே நுழைந்து மேலே ஏற வழி கிடைத்துவிடும். தூள் உள்ளிருந்து வெளிப்பக்கமாக நிதானமாக எரியும். ஊத வேண்டாம், விறகு தள்ள வேண்டாம். அப்பளத்துக்கு வேண்டியதும் அந்த நிதானம்தான். ஒரேயடியாகச் சூடு பட்டால் ஓரம் முந்திக் காய்ந்து சுருண்டுகொள்ளும், நடுவில் ஈரம் தங்கிவிடும். அந்த அப்பளம் எண்ணெயில் பொரியாது. சிவந்து, கனத்து, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தூள் உலர்ந்திருந்தால் புகையே இராது. ஆனால் மரமில்லில் அள்ளிக்கொண்டு வரும்போதே தூள் நனைந்துவிடுகிறது. ஈரத்தூள் புகைந்தது. புகை போகச் சன்னலைத் திறந்தால் தீவின் ஈரக்காற்று உள்ளே வந்து, முக்கால் காய்ந்த அப்பளத்தையும் துணிபோல் துவளச் செய்தது. மதுரையில் பிறந்த மரகதத்துக்கு அப்பளம் இடத் தெரியும். வெயில் இல்லாத ஊரில் அதைக் காயவைக்க வேண்டிவரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அவள் புருஷன் ஜம்புலிங்கம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். நெஞ்சில் இழுப்பு வந்து வேலை நின்றுபோனது. அதன் பிறகு அப்பளம்தான் சோறு போட்டது. இப்போது கடல் கொந்தளிப்பில் மெட்ராஸ் கப்பல் தாமதம். கடைகளில் அப்பளம் இல்லை. பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த பக்தவத்சலம் முந்தாநாள் அவளைக் கூப்பிட்டுவிட்டிருந்தார்.

"மெட்ராஸ் ஜஹாஜ் வர்றதுக்குள்ள உன் சரக்கு நம்ம கடையில இருக்கணும்மா. ஜனங்க நாக்கு பழகிருச்சுன்னா அப்புறம் எப்பவும் உன் அப்பளந்தான். இல்லேன்னா காம் கதம், பொழப்பு போச்சு."

அடுப்பு பற்றியதும் ஜம்புலிங்கம் சீட்டாடப் போவதாகச் சொல்லி, சிநேகிதன் அந்தோணிமுத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். வீட்டில் இவ்வளவு வேலை கிடக்க, இவருக்குச் சீட்டா என்று அவளுக்குக் கசந்தது. ஆனாலும் அவன் புகையில் இல்லையே என்று நிம்மதியும் இருந்தது. இன்றும் போய்விட்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ருக்கு வாசலில் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, அண்ணனை எங்க முர்கிக் கொட்டாயில உக்கார வச்சிருக்கீங்க? கோழிக்குக் காவலா? தினம் வந்துர்றாரு. சொல்லக் கூடாதுன்னாரு."

ருக்கு சிரித்துக்கொண்டே போனாள். மரகதம் சன்னலை அகலத் திறந்து, ருக்கு வீட்டுப் பக்கம் பார்த்து அவனை அழைத்தாள்.

ஜம்புலிங்கம் மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வந்தான். காலெல்லாம் சேறு. அவன் பார்வை முதலில் சன்னலுக்குப் போயிற்று.

"எதுக்குத் தொறந்த?"

"சீட்டுல ஜெயிச்சீங்களா?"

"கோழிங்க கள்ளாட்டம் ஆடுதுங்க." சிரிக்கப் போனவனுக்கு மூச்சு முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சுக்குள் ஊதல் ஒன்று ஏறி இறங்கியது.

"பக்தவத்சலத்துக்கிட்ட முடியாதுன்னு சொல்லிர்றேன்" என்றாள்.

"சொல்லிட்டு?"

அவன் ஒரு தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தான். அது விரலின் இரு பக்கமும் வழிந்து தொங்கியது. அதைப் பதமாகத் திரும்ப வைத்துவிட்டுப் போய்ச் சன்னலை அடைத்தான்.

"எனக்கு வெளிய மூச்சு விட எடமிருக்கு. இதுக்கு இந்த ரூமை விட்டா போக்கிடம் இல்ல."

ஈரச் சாக்கைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

அவள் அவன் பின்னால் போகவில்லை. தட்டுகளை இடம் மாற்றினாள். கீழே இருந்தது மேலே, மேலே இருந்தது கீழே. கண் எரிந்தது. நெடுநேரம் கழித்து மேல்தட்டில் ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள். ஓசை சரியாக இருந்தது. எண்ணெய் காயவைத்து அதை மட்டும் போட்டாள்.

அப்பளம் ஒரு கணம் அடியில் கிடந்தது. பின்பு சட்டென்று எழும்பி, கொப்புளம் கொப்புளமாக வெளுத்து, சட்டியை அடைத்து விரிந்தது. ஓரத்தில்கூடச் சிவப்பு இல்லை. அவள் அதைக் கரண்டியில் ஏந்தியபடி ருக்கு வீட்டுப் பக்கத்துச் சுவரில் காதை வைத்தாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கோழிக் கொட்டாயில் அவன் இருமினாலும் கேட்காது. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. அவள் காதை எடுக்கவில்லை.